நூறாவது இதழின் கடைசிப் பக்கம்

கடைசிப் பக்கத்தை என் அண்ணன் எனக்குக் கடைசியில்தான் தருவான். இருபது வருடமாக இதுதான் வழக்கம். முப்பத்திரண்டு பக்கப் படக்கதையில் முப்பத்தொரு பக்கத்துக்கு எழுதிக் கொடுப்பான். அதை நான் வரைந்து முடித்த பிறகுதான் முப்பத்திரண்டாவது என் மேஜைக்கு வரும்.

இதற்குக் காரணம் நானேதான். ஐந்தாவது இதழில் கதாநாயகனுக்குச் சிநேகிதனாக வருகிற ஒரு பூட்டுக்காரன் கடைசியில் காட்டிக் கொடுக்கிறான். அது எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. தெரிந்த பாவத்துக்கு, முதல் கட்டத்திலிருந்தே அவன் கண்ணில் திருட்டு முழியைப் போட்டு வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை அதுவாகப் போட்டது. மூன்றாம் பக்கத்திலேயே வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "உனக்கு ஒண்ணு தெரிஞ்சா அது படத்துக்கும் தெரிஞ்சுடுது," என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் மறைப்பான், நான் கேட்க மாட்டேன். எங்களுக்குள் அது ஒரு பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் கதாநாயகன் பெயர் தாங்கி. பறக்க மாட்டான், கண்ணிலிருந்து நெருப்பு விட மாட்டான். விழுகிறதைத் தாங்குவான், அவ்வளவுதான். பாலம் சரிந்தால் கீழே போய் நிற்பான். கட்டடம் சாய்ந்தால் தோள் கொடுப்பான். அந்த பலம் எங்கிருந்து வந்தது என்பது முதல் இதழிலேயே இருக்கிறது. அவன் அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். கூரை இடிந்து விழுகிறபோது பத்து வயதுப் பையனைப் பார்த்து, "முதுகை வளைக்காதே. முட்டியை மடக்கு. இப்ப எழுந்திரு," என்கிறாள். அவன் எழுந்திருக்கிறான். கூரையும் அவனோடு எழுந்திருக்கிறது.

அது எங்கள் அம்மா சொன்னது. அம்மா முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் போர்வை துவைத்தவள். நனைந்த போர்வையைக் கூடையோடு தூக்க எங்களுக்குக் கற்றுக் கொடுத்தபோது இதே வார்த்தைகளைத்தான் சொன்னாள். அதனால் தாங்கியின் அம்மாவுக்கு எங்கள் அம்மாவின் முகத்தையே போட்டேன். அந்த நெற்றி, அந்த ஊறிப்போன விரல்கள், கோபம் வந்தால் ஒரு பக்கமாகப் போகிற அந்த வாய், எல்லாம். ஒவ்வொரு இதழிலும் ஒரு கட்டத்திலாவது அவள் வருவாள், மகனைத் திட்டுவாள், சாப்பிடச் சொல்வாள். அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்து சின்ன எழுத்து தெரியாமல் போன பிறகு, ஒவ்வொரு இதழையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன். தன் பகுதி வந்ததும் நிறுத்தச் சொல்லி, "இதை நான் இன்னும் நல்லா திட்டியிருப்பேன்," என்பாள்.

முதலில் வாசகர்கள் கதையைப் பற்றித்தான் கடிதம் எழுதினார்கள். பிறகு தாங்கிக்கே எழுத ஆரம்பித்தார்கள். மகளுக்கு ஆபரேஷன், பக்கத்தில் இருங்கள். கணவர் கப்பலில் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள். வாசல் நிலைக்கு மேலே அவன் படத்தை ஒட்டியிருப்பதாக ஒருவர் எழுதினார். நானும் அண்ணனும் முதலில் சிரித்தோம். அப்புறம் அவன் சிரிப்பதை நிறுத்தினான். பிறகு தாங்கி எழுதுவதுபோலப் பதில் போட ஆரம்பித்தான். கடைசியில் என் படத்தைத் திருத்த ஆரம்பித்தான்.

நாற்பதாவது இதழில், "வேர்வை வேணாம்," என்றான். பாலத்தைத் தூக்குகிறவனுக்கு வேர்க்காதா என்று கேட்டேன். "வேணாம்னா விடேன்." அறுபதாவதில் பாதம் தரையில் படக் கூடாது என்றான். எண்பதாவதில் நிழலை எடுக்கச் சொன்னான். தேவர்களுக்கு வியர்க்காது, கால் நிலத்தில் பாவாது, நிழல் விழாது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. "என்னடா, உன் ஆளுக்குப் பதவி உயர்வா?" என்று கிண்டல் செய்தேன். தரையில் கால் படாதவன் எதை ஊன்றித் தூக்குவான் என்று நான் அப்போதே சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அழிக்கும் ரப்பரை எடுத்தேன்.

நூறாவது இதழ் அம்மாவுக்கு என்று அவனேதான் சொன்னான். எனக்கு அப்படியொரு சந்தோஷம். முப்பத்தொரு பக்கத்திலும் அம்மா வருகிறாள். அவள் சின்ன வயது, சலவைக்கூடம், ஆவி, ஈரத் தரை, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது. மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்தேன். இவ்வளவு ஆசையாக நான் எதையும் வரைந்ததில்லை.

இந்தத் தடவை கடைசிப் பக்கத்தை வரைய வேண்டாம் என்றான். "பழைய படங்களை அடுக்கி வாசகருக்கு நன்றி போடுறேன். நீ பின்னட்டைக்கு அம்மா தூங்குற மாதிரி ஒரு படம் மட்டும் போட்டுக் குடு. பெருசா, முகம் மட்டும். கண் மூடியிருக்கணும்."

அம்மாவைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, மத்தியான வெளிச்சத்தில் வரைந்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள். வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் கேட்பவள் அன்று ஒன்றுமே கேட்கவில்லை. உதட்டோரம் மட்டும் ஒரு சிரிப்பு வந்து வந்து போனது. "என்னம்மா சிரிக்கிறே?" என்றேன். "ஒண்ணுமில்ல, நீ வரை," என்றாள்.

வெளியீட்டு விழா ஒரு வாடகை மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. எப்போதும்போல இரண்டு மேஜை. ஒன்று அண்ணனுக்கு. இன்னொன்று அம்மாவுக்கு, "தாங்கியின் அம்மா" என்று அட்டை வைத்து. அதன் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. யாருக்கு எவ்வளவு வரிசை என்று கேட்டால், அம்மாவுக்குத்தான் எப்போதும் நீளம். போன தடவை ஒருவர் பரீட்சை எழுதப்போகும் மகளின் பேனாவைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். முட்டியை எப்படி மடக்க வேண்டும் என்று செய்து காட்டச் சொல்வார்கள். அம்மாவும் எழுந்து மடக்கிக் காட்டுவாள், எனக்கு உயிர் போய் உயிர் வரும். "எல்லாம் கிறுக்குப் பசங்க," என்று சொல்லிக்கொண்டே வாரம் முழுக்க அந்த நினைப்பிலேயே இருப்பாள்.

அன்று அம்மா புதுப் புடவையில், தலையை இரண்டு தடவை வாரிக்கொண்டு, பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக உட்கார்ந்திருந்தாள். அச்சகத்திலிருந்து கட்டுகள் நேராக மண்டபத்துக்கே வந்தன. வாசலிலேயே பிரித்து விற்றார்கள். வாங்கியவர்கள் என்ன செய்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நின்ற இடத்திலேயே கடைசிப் பக்கத்தைத் திருப்புவார்கள். திருப்பினார்கள். மண்டபத்தில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பிறகு ஒவ்வொருவராக அண்ணன் மேஜைக்குப் போனார்கள்.

எங்கள் மேஜைக்கு ஒருவரும் வரவில்லை. வழக்கமாக முதலில் ஓடிவரும் ஒரு கண்ணாடிக்கடைக்காரர் எங்களைப் பார்த்தார், கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"கூட்டம் வரலையா?" என்றாள் அம்மா. தூரத்தில் இருப்பவர்கள் அவளுக்கு வெறும் நிறமாகத்தான் தெரிவார்கள்.

"வந்திருக்காங்கம்மா. இரு, நான் ஒரு புக் எடுத்துட்டு வரேன்."

வாசலில் போய் ஒன்றை எடுத்து நின்ற இடத்திலேயே கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நன்றியும் இல்லை, பழைய படங்களின் அடுக்கும் இல்லை. பக்கம் முழுக்க ஒரே கட்டம். வானத்தில் தாங்கியின் விரிந்த உள்ளங்கை. எண்பத்தெட்டாவது இதழில் நான் வரைந்த கை அது. அந்தக் கையில் அம்மாவின் தூங்கும் முகம். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் விரிசல் விட்டு, பாதி மண்ணாக உதிர்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் அவன் பேசுகிற பலூன்:

"மனிதர்களைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு தாய் தேவைப்பட்டாள். மண்ணில் செய்துகொண்டேன். இனித் தேவையில்லை. நான் பிறந்தவன் அல்ல. இருப்பவன்."

விரிசல் மட்டும் படங்களுக்கு வண்ணம் போடுகிற கலர்க்காரருடைய வேலை. மற்ற ஒவ்வொரு கோடும் என்னுடையது.

நான் ஆசை ஆசையாக வரைந்த அந்த முப்பத்தொரு பக்கமும் இந்த ஒரு பக்கத்துக்காகத்தான். அவளை எவ்வளவு உயிரோடு காட்டுகிறேனோ அவ்வளவு நன்றாக உடையும். கணக்குப் போட்டு என்னை வேலை வாங்கியிருக்கிறான். நேராக அண்ணன் மேஜைக்குப் போய், முழங்கையைப் பிடித்து எழுப்பி, மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்த பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஐம்பது வயது ஆளை அப்படி இழுக்கக் கூடாதுதான்.

"இது என்னடா?"

"கத்தாதே. கதை."

"பின்னட்டைக்குன்னு சொல்லி வாங்கினே."

"சொல்லியிருந்தா நீ வரைஞ்சிருக்க மாட்டே."

"ஆமா, வரைஞ்சிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல." அவனுக்குக் கூச்சமே இல்லை. பொறுமையாக, கடிதத்துக்குப் பதில் எழுதுகிற குரலில் பேசினான். "நீயே யோசிச்சுப் பாரு. ஜனங்க அவன்கிட்ட உயிர்ப்பிச்சை கேக்குறாங்க. அவன் யாரு, எங்கிருந்து வந்தான்னு கேக்குறாங்க. போர்வை துவைக்கிற இடத்துல இருந்து வந்தான்னா சொல்றது? கடவுளுக்கு அம்மா இருந்தா அவன் கடவுள் இல்ல. யாரோ ஒருத்தி வீட்டுப் பையன்."

"நீ யார் வீட்டுப் பையன்?"

அதற்கு அவன் முகம் ஒரு நொடி சுருங்கியது. "எந்தப் பேட்டிக்குப் போனாலும் அதே கேள்விதான்," என்றான். "உங்க அம்மா ஆஸ்பத்திரியில துணி துவைச்சாங்களாமே? நூறு இதழ் எழுதியிருக்கேன். ஒருத்தன் என் எழுத்தைப் பத்திக் கேக்கல. எல்லாரும் அந்த முட்டியைப் பத்திதான் கேக்குறாங்க." பிறகு சட்டையை நீவிக்கொண்டு, "அம்மாகிட்ட நான் பேசிட்டேன். நீ ஆடாதே," என்றான்.

"என்ன பேசினே?"

"நூறாவதுல தாங்கியோட அம்மா சாகப் போறாங்கன்னு சொன்னேன். சரின்னாங்க." சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பிப் போய்விட்டான்.

சாய்வு நாற்காலியில் அம்மா தண்ணீர்கூடக் கேட்காமல் இருந்ததும் அந்தச் சிரிப்பும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னைத் தவிர எல்லாருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது. தெரிந்தது பொய் என்பது மட்டும் அம்மாவுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அம்மா பேனாவுக்கு மூடி போட்டிருந்தாள். ஆனால் என் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துடுச்சா? உக்காரு. கடைசியை முதல்ல படி."

"அம்மா, வீட்டுக்குப் போய்ப் படிக்கலாமே."

"தெரியும் சின்னவளே. நான் செத்துட்டேன், அதானே? பெரியவன் சொல்லிட்டான். உன்கிட்ட சொன்னா நீ அழுவேன்னு சொல்லாம இருந்தேன். அதுக்குத்தான் அன்னிக்கு அப்படி அசையாம உக்காந்திருந்தேன், பொணம் மாதிரி நல்லா வந்துச்சா?" என்று என் முழங்காலில் தட்டினாள். "படி. எப்படிச் சாகுறேன்? யாரைக் காப்பாத்திட்டுச் சாகுறேன்?"

இப்போது என்ன செய்வது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஒரு தீயைக் கொளுத்தி, நாலு குழந்தைகளை அதிலிருந்து தூக்க வைத்து, ஊரே அழுகிற மாதிரி ஒரு சாவை அந்த இடத்திலேயே கட்டிவிட்டிருக்கலாம். அண்ணன்கூட இருபது வருடம் வேலை பார்த்ததில் அந்த அளவுக்குக் கதை பண்ண எனக்கும் வரும். அவளால் சரிபார்க்க முடியாது. ஆனால் இன்னொரு தடவை அவளை யாரும் ஏமாற்றக் கூடாது என்று தோன்றியது. அதிலும் நான் கூடாது.

படித்தேன். பலூனில் இருந்ததை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் படித்தேன். படத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

அம்மா புரியாதவள்போலத் தலையைச் சாய்த்தாள். "இன்னொரு தடவை படி."

இன்னொரு தடவை படித்தேன்.

"அப்ப முதல் புத்தகத்துல கூரை விழுந்தப்ப?"

"அதுவும் நீ இல்லன்னு ஆயிடுதும்மா. அவனேதான். எல்லாமே அவன் செஞ்சுகிட்டது."

"முட்டியை மடக்குன்னு சொன்னது?"

நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்தேன். அம்மா மேஜை மேலிருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சலவைச் சோடா தின்ற தோல், வேலையை விட்டு இத்தனை வருடமாகியும் ஆறவில்லை.

"எப்ப எழுதினான் இதை?"

"மூணு மாசம் இருக்கும்."

"மூணு மாசமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து, என் கையால வாங்கிச் சாப்பிட்டுட்டுத்தான போனான்." கோபமில்லாமல், ஏதோ விலாசம் சரிபார்க்கிற மாதிரி சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "தூங்குற மாதிரி வரையச் சொன்னானே, எதுக்குன்னு நீ கேக்கலையா?"

"பின்னட்டைக்குன்னான்."

"கடைசிப் பக்கம் என்னன்னு?"

"அதைக் கேக்கறது வழக்கம் இல்லம்மா."

"ம்," என்றாள் அம்மா. என்னைத் திட்டியிருந்தால் தேவலை. புத்தகத்தை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் கையைப் பிடிக்கப் போனேன், தள்ளிவிட்டாள். நேராக அண்ணன் மேஜைக்கு முன்னால் இருந்த வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

அவளுக்கு முன்னால் ஒரு இருபது பேர் இருந்தார்கள். திரும்பிப் பார்த்தவர்களுக்கு யார் என்று தெரிந்தது. ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் வழிவிடப் பார்த்தார். "பரவால்ல, உங்களுக்கு அப்புறம்தான் நான்," என்றாள். அரை மணி நேரம் அப்படியே நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

அவள் முறை வந்தது. கடைசிப் பக்கத்தைத் தடவித் திருப்பி மேஜையில் வைத்தாள். அண்ணன் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன், தலை நிமிராமலே, "யார் பேருக்குப் போடணும்?" என்றான்.

"பேரெல்லாம் வேணாம்," என்றாள் அம்மா.

அவன் நிமிர்ந்தான். அவன் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. "அம்மா, வீட்டுல பேசலாம்மா."

"பேச ஒண்ணும் இல்ல. எழுதினது நீதான? கீழ கையெழுத்துப் போடு."

"அம்மா, இது வெறும் கதை."

"தெரியும். போடு."

வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. அவனைக் கடவுளின் வாய் என்று நினைத்து வந்தவர்கள். அவன் போட்டான், எழுத்து நேராக வரவில்லை.

"நீயும் போடு," என்று அம்மா பேனாவை என்னிடம் நீட்டினாள். "வரைஞ்சது உன் கைதான?"

எனக்குத் தெரியாது, என்னையும்தான் ஏமாற்றினான், என்று சொல்ல வாயெடுத்தேன். இருபது வருடத்தில் வேர்வையைத் துடைத்தது யார், பாதத்தைத் தரையிலிருந்து எடுத்தது யார், நிழலை அழித்தது யார் என்று அவள் ஒரு கேள்வி கேட்டால் என் பேரைத்தான் சொல்ல வேண்டும். அம்மாவின் உடைந்த தாடைக்குக் கீழே, அண்ணன் பெயருக்குப் பக்கத்தில், என் பெயரைப் போட்டேன்.

அம்மா மை காயும்வரை காத்திருந்து, புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"பெரியவனே, இனிமே வீட்டுக்கு வர்றதா இருந்தா போன் பண்ணிட்டு வா," என்றாள். வெளியாட்களிடம் பேசுகிற மரியாதையான குரலில் சொன்னாள். அண்ணன் எழுந்து நின்றான், மேஜையைச் சுற்றிக்கொண்டு வருவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றான். அதற்குள் அடுத்தவர் தன் புத்தகத்தை நீட்டிவிட்டார்.

பஸ் காலியாக வந்தது. கண் சரியாகத் தெரியாதவள் என்பதால் நான்தான் எப்போதும் கைபிடித்து ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் உட்காருவேன். அன்று அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே ஏறினாள். ஜன்னலோரமாக உட்கார்ந்து, புத்தகம் இருந்த பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். அதை எடுப்பாள் என்று நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.